மகளிர் உளப்பிணியும் மருத்துவரைத் தேரும் முறையும்

உடலுக்கு நோய் வருங்கால் அதனை அளந்தறிதற்குக் கருவிகள் உள. காய்ச்சலுற்றவர் ஆணாயினும் பெண்ணாயினும், செல்வராயினும் வறியராயினும், வெப்பமானி காட்டும் கணக்கு ஒன்றே. உள்ளத்துக்கு வரும் நோயோ அத்தகைய கருவிக்கு எட்டுவதன்று. இன்னார் நலமாயிருக்கிறார், இன்னார் நலங்குன்றினார் என்று துணிதற்கு மருத்துவர், நலமுடைய மனிதர் எவ்வாறிருப்பர் எனத் தம் மனத்தில் முன்னரே வரைந்துவைத்த சித்திரமொன்றையே துணையாகக் கொள்ள வேண்டியவராகிறார். அச்சித்திரத்தை வரைந்தவர் யார், அஃது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றோ வேறோ என்னும் வினாக்களை எழுப்பி, அவற்றிற்குக் கிடைத்த விடையைக் கொண்டு சிகிச்சை முறையையே திருத்தியமைக்க முயன்றதுதான் மேனாட்டார் 'பெமினிஸ்ட் தெரபி' என வழங்கும் பெண்ணிய உளச்சிகிச்சை. இது மருந்தினாற் செய்வதன்று. அமர்ந்து பேசுதலாற் செய்வது. 1970-ம் ஆண்டையொட்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருப்பெற்றது. இதன் வரலாற்றையும், இதனை நாடுவோர் தமக்கேற்ற சிகிச்சையாளரை எங்ஙனம் தேர்ந்துகொள்ளல் வேண்டும் என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

எந்தக் குறையை நீக்குவதற்காக இம்முறை தோன்றிற்றோ அக்குறையை அறிந்தாலன்றி இதன் பயன் விளங்காது. ஆதலின் அதற்கு நூறாண்டுக்கு முற்பட்ட செய்தியொன்றினின்றும் தொடங்குவோம்.

இலினாய் மாகாணத்தில் மான்டினோ என்னும் சிற்றூரில் எலிசபெத் பாக்கார்டு என்னும் மாதரசி வாழ்ந்தார். கணவர் கால்வினியக் கொள்கையினரான ஒரு குருவானவர், மக்கள் அறுவர். வேத பாட வகுப்பிலே இவ்வம்மையார் தம் கணவர் போதித்த சமயக் கோட்பாடுகளோடு மாறுபட்ட கருத்துக்களை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். 1860-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் கணவர் அவரைப் பித்துற்றவர் எனச் சொல்லி, ஜாக்சன்வில் நகரத்து அரசாங்க மனநோய் விடுதிக்கு வலிந்து அனுப்பிவிட்டார். அக்காலத்து இலினாய்ச் சட்டம் விசித்திரமானது. பிறரை விடுதியில் அடைப்பதற்கு வேண்டப்பெற்ற சான்று, மனைவியரை அடைப்பதற்கு வேண்டப்பெறவில்லை. கணவன் கேட்பதும் விடுதித் தலைவர் இசைவதும் போதுமானவையாயிருந்தன. மூன்றாண்டு உள்ளே கழித்து, 'தீராத நோயினர்' என்னும் பட்டத்தோடு வெளிவந்த அவரைக் கணவர் மீண்டும் வீட்டறையில் பூட்டி வைத்தார். செய்தி நீதிபதிக்கு எட்டிற்று. 1864-ம் ஆண்டு ஜனவரியில் கங்ககீ நகரில் வழக்கு நடந்து, நடுவர் குழுவினர் ஏழே நிமிடம் தனித்திருந்து ஆலோசித்து, இவர் நல்லறிவுடையவரே எனத் தீர்ப்புரைத்தனர். ஏழு நிமிடத்தில் தெளிந்த உண்மை மூன்றாண்டாக மருத்துவர்க்குத் தெளியாதிருந்ததென்னை? அவர்கள் அறிவிலிகள் அல்லர். கணவனோடு சமயக் கொள்கையில் மாறுபடும் மனைவி நலமுடையவளாயிருத்தல் கூடும் என்பது அவர்கள் மனத்துச் சித்திரத்தில் இடம்பெறவில்லை, அவ்வளவே. பாக்கார்டு அம்மையார் அயராதுழைத்து 1867-ம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்துவித்தார்.

இது கொடுமை மிகுந்த உதாரணம் என்று சிலர் ஒதுக்கலாம். கருணையோடு செய்த சிகிச்சையே தீங்காய் முடிந்ததற்கு மற்றொரு சான்று உண்டு. பிலடெல்பியா நகரத்தில் ஸைலஸ் வெயர் மிட்சல் என்பவர் நரம்புத் தளர்ச்சிக்குப் பேர்போன வைத்தியர். தளர்வுற்ற பெண்டிர்க்கு அவர் விதித்தது 'ஓய்வுச் சிகிச்சை' எனப்படும். வாரக்கணக்காகப் படுக்கையிலேயே கிடத்தல், கொழுமையான உணவை மிகுதியாக உண்ணல், உற்றாரைக் காணாமை, படியாமை, எழுதாமை ஆகியவை அதன் உறுப்புக்கள். 1887-ம் ஆண்டில் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்னும் பெயரால் பிற்காலத்தில் புகழெய்திய எழுத்தாளர், மகவீன்ற பின்னர் வந்த நீங்காச் சோர்வுக்காக இவரிடம் சென்றார். ஒரு மாத அளவில் உடல் தேறிற்று. வீடு திரும்புங்கால் மருத்துவர் சொல்லியனுப்பிய அறிவுரையின் சாரம் இது: கூடியவரை வீட்டு வாழ்க்கையிலேயே ஈடுபடுக, குழந்தையை எந்நேரமும் உடன் வைத்துக்கொள்க, நூல் முதலியவற்றில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேற் செலவிடற்க, எழுதுகோலையோ தூரிகையையோ வாழ்நாள் உள்ளளவும் தொடற்க. மூன்று மாத காலம் இவ்வறிவுரையை வழுவாது பின்பற்றிய அம்மையார், அறிவு முற்றும் பேதலிக்கும் எல்லைக்குச் சென்றார். பின்னர் அதனை உதறிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கியபோதுதான் மீட்சி பிறந்தது. அவ்வநுபவத்தை அடிப்படையாகக் கொண்டு அவரியற்றிய சிறுகதை 'மஞ்சட் சுவர்த்தாள்' என்னும் பொருள்படும் பெயரோடு 1892-ம் ஆண்டில் வெளிவந்தது.

இதனோடு ஒப்புநோக்கத் தக்க மற்றொரு நிகழ்ச்சி உளது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்னர், 1885-ம் ஆண்டில், ஓவன் விஸ்டர் என்னும் இளைஞர் இதே மருத்துவரிடம் உடலும் உள்ளமும் தளர்ந்து வந்தார். அவருக்கு மிட்சல் விதித்ததோ படுக்கையன்று, பயணம். மேற்கே வயோமிங் நாட்டுக்குச் சென்று, கால்நடைப் பண்ணையில் தங்கி, குதிரையேறி, வேட்டையாடி, வெட்டவெளியில் உலாவுக என்றனுப்பினார். விஸ்டர் சென்றார், கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதினார், அக்குறிப்புக்களினின்று பிறந்த கதைகளால் பெரும்பெயர் பெற்றார். மருத்துவர் ஒருவரே, நோயின் பெயரும் ஏறக்குறைய ஒன்றே. ஆடவனை அவனுடைய ஆற்றலை நோக்கிச் செலுத்திய அன்பு, பெண்ணை அவளுடைய ஆற்றலினின்று விலக்கி நிறுத்திற்று. மிட்சல் பெண்ணினத்தைப் பகைத்தவரல்லர். தமக்குத் தெரிந்த நன்மையைச் செய்தவரே. ஆகவே, சிகிச்சையாளர் நல்லவராயிருத்தல் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

பின்வந்த பிராய்டு முதலானோர் படுக்கையை விட்டுப் பேச்சுக்கு இடங்கொடுத்தனர். அது பெரும் முன்னேற்றமே. எனினும் பெண்ணின் உள்ளத்தை ஆணின் உள்ளத்தினது குறைபட்ட வடிவமாகக் காணும் போக்கு அவர்தம் கொள்கையில் நிலைத்தது. அதனை உள்ளிருந்தே மறுத்தவர் காரென் ஹார்னி என்னும் ஜெர்மானிய மருத்துவப் பெண்மணி. பெண்டிர் ஆண்களிடம் பொறாமை கொள்வராயின் அஃது உடலுறுப்பைப் பற்றியதன்று, ஆண்களுக்கு உலகம் வழங்கியுள்ள உரிமைகளைப் பற்றியதே என்னும் கருத்துப்பட 1920-களில் எழுதினார். கேட்டவர் சிலரே.

நிற்க. ஐயங்களையெல்லாம் எண்ணிக்கையில் வைத்துக் காட்டிய ஆராய்ச்சியொன்று 1970-ம் ஆண்டில் வெளிவந்தது. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்; என்னை? பெண்ணிய உளச்சிகிச்சையின் அடித்தளம் இதுவே என்று சொல்லினும் மிகையாகாது. இங்கே பிராவர்மன் என்னும் உளநூற் புலமையாட்டியும் அவருடன் உழைத்தோரும், தொழில் நடத்தும் உளமருத்துவர், உளநூலார், சமூக சேவையாளர் ஆகிய 79 பேரிடம் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தனர். அவர்களுள் ஆடவர் 46 பேர். பெண்டிர் 33 பேர். தாளில் 122 இணைக் குணங்கள் எதிரெதிராய் எழுதப்பட்டிருந்தன. ஒரு சாராரிடம் நலமும் முதிர்ச்சியும் வாய்ந்த ஆடவனைக் குறிக்குமாறும், மற்றொரு சாராரிடம் அவ்வாறே நலமும் முதிர்ச்சியும் வாய்ந்த பெண்ணைக் குறிக்குமாறும், மூன்றாஞ் சாராரிடம் ஆண் பெண் என்று கூறாது நலமுடைய வயதுவந்த மனிதர் ஒருவரைக் குறிக்குமாறும் கேட்டனர். விடைகளை ஒப்பிட்டபோது, நலமுடைய மனிதரும் நலமுடைய ஆடவனும் ஏறத்தாழ ஒருவராகவே காணப்பட்டனர். நலமுடைய பெண் மட்டும் விலகி நின்றாள். அவள் பணிவு மிக்கவள்; தற்சார்பு குறைந்தவள்; பிறர் சொல்லுக்கு எளிதில் வசப்படுபவள்; சிறு இடுக்கண் வரினும் கலங்குபவள்; மனம் எளிதில் புண்படுபவள்; துணிகரச் செயல்களில் நாட்டங் குறைந்தவள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் தற்சார்பும் துணிவும் உடையவளாயிருப்பின், நலமுள்ள பெண்ணுக்குரிய இலக்கணம் அவளிடம் இல்லை. பணிந்தும் கலங்கியும் இருப்பின், நலமுள்ள மனிதருக்குரிய இலக்கணம் இல்லை. எவ்வழி நடப்பினும் நோயாளியாவாள். இவ்வாராய்ச்சியில் வேறொரு செய்தியும் உளது. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். விடையளித்த 33 பெண்டிரும் ஆடவரினின்று வேறுபடவில்லை. பெண் சிகிச்சையாளரைத் தேடிச் சென்றால் எல்லாம் சரியாய்விடும் என்று கருதுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் பெண்டிர் சிறு சிறு குழுவினராய் ஒருவர் வீட்டுக் கூடத்தில் வட்டமாயமர்ந்து தத்தம் வாழ்க்கையைப் பேசும் வழக்கம் 1967-ம் ஆண்டு தொடங்கிப் பரவிற்று. அங்கே மருத்துவரும் இல்லை, கட்டணமும் இல்லை. தன் ஒருத்தியின் குறையென்று ஒவ்வொருத்தியும் மறைத்து வைத்திருந்தது, அவ்வறையிலிருந்த எல்லார்க்கும் பொதுவாயிருப்பதைக் கண்டு வியந்தனர். அவ்வியப்பினின்றே புதிய சிகிச்சை முறை முளைத்ததெனலாம். 1969-ம் ஆண்டில் பெண் உளநூலார் சங்கம் ஒன்று தோன்றிற்று. அடுத்த ஆண்டு மயாமி நகரில் கூடிய அமெரிக்க உளநூற் கழக மாநாட்டில் பில்லிஸ் செஸ்லர் என்பவர் எழுந்து, இத்துறையினரால் தீங்குற்ற பெண்டிர்க்கு ஈடாகப் பத்து லட்சம் டாலர் தருக என்று கேட்டார். அவையினர் பலர் நகைத்தனராம். அவரெழுதிய 'பெண்களும் பித்தும்' என்னும் பொருள்படும் நூல் 1972-ம் ஆண்டில் வெளிவந்த பின்னர் நகைப்பு அடங்கிற்று. 1973-ல் அக்கழகத்திலேயே பெண்டிர் உளநூலுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1975-ல் கழகம் அமைத்த ஆய்வுக் குழு, சிகிச்சையறைகளில் நிகழும் பிழைகளை நான்கு வகையாகப் பகுத்துக் கூறிற்று. அவற்றுள் மிகக் கொடியது, சிகிச்சையாளரே நாடி வந்த பெண்ணைக் காமத்துக்கு உட்படுத்துதல். பெண்ணிய உளச்சிகிச்சைக்கெனவே 1982-ம் ஆண்டில் ஒரு நிலையம் தொடங்கப்பெற்று, 1987-ல் தனக்கென ஒழுக்க விதிகளை வகுத்துக்கொண்டது.

இனி, இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறும் என்பதைக் காண்போம். சிகாகோ போன்ற பெருநகரொன்றில் பள்ளி ஆசிரியையாயிருக்கும் ஒரு மாதைக் கற்பனையாகக் கொள்வோம். கணவரும் இரண்டு சிறு மக்களும் நோயுற்ற மாமியாரும் உள்ள குடும்பம். சில மாதங்களாக அவருக்கு உறக்கமில்லை. காரணமின்றி அழுகை வருகிறது. குழந்தைகளைச் சினந்து கூவிவிட்டுப் பின்னர்த் தம்மைத் தாமே வெறுக்கிறார். "எல்லாரும் செய்யும் வேலை என்னால் மட்டும் முடியவில்லை, என்னிடத்தில் ஏதோ கோளாறு" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்.

நல்ல சிகிச்சையாளர் முதற்கண் உடலையே நினைப்பார். உண்பது, உறங்குவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டோ இல்லையோ என்பது, இவற்றை ஒளிவின்றிக் கேட்பார். தைராய்டுச் சுரப்பி தளர்ந்தாலும் இதே சோர்வு வரும் ஆதலின், இரத்தப் பரிசோதனைக்காக வைத்தியரிடம் அனுப்புவார். பெண்ணின் துயரனைத்தும் சமூகத்தால் வந்ததே என்று முதல் நாளிலேயே முடிவுகட்டி, உடலைப் பாராது விடுபவர், எத்துணைப் பெண்ணியம் பேசினும், மிட்சல் செய்த தவற்றையே வேறு திசையினின்று செய்பவராவர். பிள்ளைப்பேற்றின் பின் அறிவு தடுமாறும் கடும்பிணிக்கு உடனே மருத்துவமனையே தேவை. அங்கே நெடிய உரையாடலுக்கு இடமில்லை.

அதன்பின் அவ்வாசிரியையின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிக் காட்டச் சொல்வார். விடியற்காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை எழுதி முடித்தபின் அத்தாளை இருவரும் சேர்ந்து படிப்பார்கள். 'கோளாறு' இருக்குமிடம் அப்போதே சற்று இடம் மாறும். பிறகு வேறு வகையான வினாக்கள் எழும். நல்ல பெண் களைப்படையமாட்டாள் என்று உமக்குக் கற்பித்தவர் யார்? அதனை ஏற்று நடந்தபோது கிடைத்த பரிசு யாது? மீறினால் கிடைக்கும் தண்டம் யாது? வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது? அவ்வீட்டில் 'என்னால் இயலாது' என்று சொல்லக்கூடியவர் எவர், சொல்லக்கூடாதவர் எவர்? இவற்றிற்கு விடை தேடுங்கால் தன் குறை எது, தன்மீது சுமத்தப்பட்டது எது என்று அவரே பிரித்தறியலாகிறார். இவ்வாறு பிரித்தறிதலே இச்சிகிச்சையின் நடுநாயகம் எனலாம்.

ஆனால் அதனோடு நிற்பதில்லை. எந்தச் சுமையை வைத்துக்கொள்வது, எதனை இறக்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார். மாமியாரைப் பேணுவதை அவர் மனமொப்பி வைத்துக்கொள்ளலாம். அதனைக் கூடாதென்று விலக்கச் சிகிச்சையாளருக்கு உரிமையில்லை. கணவரிடம் எதனை எவ்வாறு கேட்பதென்று பயில்கிறார். கேட்டபோது வரும் குற்றவுணர்ச்சியைத் தாங்கப் பழகுகிறார். இவ்விடத்தில் சிந்தனை முறையைத் திருத்தும் சிகிச்சை முதலிய பிற முறைகளின் உத்திகளும் தாராளமாகக் கையாளப்படும். ஏனெனில் பெண்ணிய உளச்சிகிச்சை என்பது தனியான உத்தியன்று. எந்த உத்தியையும் எந்நோக்கத்தோடு பயன்படுத்துவது என்பது பற்றிய கொள்கை. ஆகையால் ஆடவரும் இதனை நாடலாம். அழுதல் ஆணுக்கு அழகன்று என்று பயிற்றுவிக்கப்பட்டுத் துயரை விழுங்கியே வாழ்ந்தவர்க்கு இவ்வினாக்கள் பெரிதும் உதவும்.

மற்றொரு சிறப்பியல்பு, இருவர்க்குமிடையேயுள்ள உறவு. சிகிச்சையாளர் தாம் செய்வதையும் அதன் காரணத்தையும் மறைக்காது விளக்கவேண்டும். குறிப்பேட்டில் எழுதுவதைக் கேட்டால் காட்டவேண்டும். நோய்ப்பெயர் சூட்டுவதாயின் அதனைக் கலந்து பேசியே சூட்டவேண்டும். பெயர் சூட்டுதல் சிறு காரியமன்று. 1980-களில் அமெரிக்க உளமருத்துவர் தம் நோய்ப்பட்டியலில், துன்பத்தைத் தானே தேடிக்கொள்ளும் இயல்பு என்பதனை ஒரு நோயாகச் சேர்க்க முனைந்தனர். அடிக்கும் கணவனோடு வேறு வழியின்றி வாழும் பெண்ணுக்கு இப்பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்று பெண்ணியச் சிகிச்சையாளர் வன்மையாக எதிர்த்தனர். 1987-ல் அது பிற்சேர்க்கையில் மட்டும் வைக்கப்பட்டு, 1994-ம் ஆண்டுப் பதிப்பில் அறவே நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவர் 1992-ல் வெளியிட்ட நூலில், போர்க்களத்தினின்று மீண்ட வீரரிடம் காணும் அதிர்ச்சிக் குறிகளும், வீட்டினுள் வன்முறைக்காளான பெண்டிரிடம் காணும் குறிகளும் ஒன்றே எனக் காட்டினார். ஒரு பெயர் பெண்ணைக் குற்றவாளியாக்கிற்று. மற்றொரு பெயர் அவளுக்கு நேர்ந்ததை உலகுக்கு உரைத்தது.

இம்முறையும் குறையற்றதன்று. இதனைத் தொடங்கியவர் பெரும்பாலும் வெள்ளையரான நடுத்தர வகுப்புப் பெண்டிர். வீட்டிலடைபட்டிருத்தலே பெண்ணின் துயர் என்று அவர் பேசியபோது, தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீட்டில் உழைத்துவந்த கறுப்பினப் பெண்டிர்க்கு அஃது அயலார் கதையாய்த் தோன்றிற்று. பாஸ்டன் நகரில் 1974-ல் கூடிய கறுப்பினப் பெண்டிர் குழுவொன்று, நிறம், வறுமை, பெண்மை ஆகிய மூன்றும் ஒருங்கே தங்களை அழுத்துகின்றன என்பதை 1977-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. சிகிச்சைத் துறை இதனை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. பெண் என்ற ஒன்றை மட்டும் கண்டு, வந்தவருடைய இனத்தையும் குடியையும் தொழிலையும் காணாதவர், மீண்டும் ஒரு சித்திரத்தையே அளவாகக் கொள்பவர்.

இனிச் சிகிச்சையாளரைத் தேரும் முறைக்கு வருவோம். முதலில் அறிய வேண்டுவது, 'பெண்ணியச் சிகிச்சையாளர்' என்பது அரசாங்கம் அளிக்கும் பட்டமன்று. யாரும் தம் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆதலின் அச்சொல்லைத் தேடுமுன் தொழிலுரிமைச் சீட்டைத் தேடல் வேண்டும். அமெரிக்காவில் உளநூலார், சமூக சேவையாளர், குடும்ப ஆலோசகர், உளமருத்துவர் ஆகிய ஒவ்வொரு வகுப்பினர்க்கும் மாகாணந்தோறும் உரிமை வழங்கும் சபைகள் உண்டு. ஒருவருடைய சீட்டு நடப்பில் உள்ளதா, அவர்மேல் நடவடிக்கை ஏதேனும் எடுக்கப்பட்டதா என்பதை அச்சபைகளின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். மருந்து வேண்டுமாயின் பெரும்பாலும் உளமருத்துவரிடமே செல்லவேண்டும். பொருள் குறைந்தவர்க்குப் பல்கலைக்கழகங்களின் பயிற்சி நிலையங்கள் உதவும்; அங்கே மாணவர் மூத்தோரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் சிகிச்சை செய்வர். மாணவர்தாமே என்று இகழ வேண்டா; மேற்பார்வையுள்ள மாணவர், தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளும் முதியவரினும் சில வேளைகளில் மேலானவர்.

இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டபின், முதற் சந்திப்புக்கு முன்னரோ அதன்போதோ கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுதல் வேண்டும். மருத்துவரை வினாவுதல் மரியாதைக் குறைவென்னும் எண்ணம் நம்மவரிடம் மட்டுமன்று, எங்குமே உண்டு. ஆனால் இத்துறையில் வினாவே முதற் சிகிச்சை. என்னுடையதைப் போன்ற துன்பமுற்றோருக்குச் சிகிச்சை செய்த பழக்கம் உமக்கு உண்டா? பெண்ணியம் என்பதனால் நீர் கொள்ளும் பொருள் யாது, அஃது இவ்வறையில் எவ்வாறு வெளிப்படும்? சிகிச்சையின் குறிக்கோளை வகுப்பவர் யார்? நான் உம்மோடு மாறுபட்டால் யாது செய்வீர்? நான் சொல்வனவற்றுள் எவற்றை நீர் பிறர்க்கு வெளியிட நேரும்? கட்டணத்தைக் கணவரோ தந்தையோ செலுத்தினால் அவருக்கு ஏதேனும் தெரிவிப்பீரா? காப்பீட்டுக் கம்பெனிக்கு என்ன நோய்ப்பெயர் எழுதியனுப்புவீர்?

விடையைக் காட்டினும் விடை வரும் விதத்தைக் கவனித்தல் நன்று. வினாவை வரவேற்று நேரே விடை கூறுபவர், தெரியாததைத் தெரியாதென்பவர், உயிருக்கு அபாயம், குழந்தைகளுக்குக் கொடுமை, நீதிமன்றக் கட்டளை ஆகிய இடங்களில் இரகசியம் காக்க இயலாதென்று முன்னரே எச்சரிப்பவர் நம்பத் தக்கவர். "இவ்வளவு வினா ஏன்? உமக்கு அதிகாரத்தைக் கண்டால் அச்சம் போலும்" என்று வினாவையே நோய்க்குறியாக மாற்றிப் பேசுபவரிடம் இரண்டாம் முறை செல்லற்க. மணவாழ்வை விட்டு வெளியேறுக என்றோ, எப்படியாயினும் பொறுத்துக்கொள்க என்றோ முதல் வாரத்திலேயே கட்டளையிடுபவர் இருவரும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கவர். வீட்டில் அடி உதை உண்டென்று சொல்லியும் கணவனை உடன்வைத்தே பேசுவோம் என்பவரிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும். அறையில் அவள் சொல்லும் உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும் ஆதலின், இத்துறையில் தேர்ந்தோர் முதலில் அவளைத் தனியே சந்திப்பர்; அவள் உயிர்க்குப் பாதுகாப்புத் தேடிய பின்னரே பிறவற்றைப் பேசுவர். உடலுறவை நாடும் சிகிச்சையாளர் எவ்விளக்கம் கூறினும் விதியை மீறியவரே. அமெரிக்க உளநூற் கழகம் 1977-ம் ஆண்டிலேயே அதனை வெளிப்படையாகத் தடைசெய்தது. அவ்வகையினர்மேல் முறையிடுதற்கும் மேற்கூறிய சபைகளே இடம்.

மூன்று நான்கு சந்திப்புக்களுக்குப் பின்னரும் மனம் ஒட்டவில்லையாயின், அதனைச் சிகிச்சையாளரிடமே சொல்லிப் பார்க்கலாம். அப்படியும் சரிவராவிடின் மாறிக்கொள்ளலாம். அது நன்றிக்கேடன்று. ஆனால் துயரமான பேச்சு எழுந்த நாளின் மறுநாள் வரும் தயக்கத்தையும், உண்மையான ஒவ்வாமையையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. முன்னது பெரும்பாலும் சில வாரத்தில் தணியும். பின்னது நாட்பட நாட்பட வளரும்.

நம் நாட்டினின்று இவ்வுதவியை நாடுவோர்க்கும் சில செய்திகளை ஈண்டுக் கூறவேண்டும். 2017-ம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் தனது மூன்றாம் பிரிவில், ஒருவர் தம் சமுதாயத்தில் நிலவும் ஒழுக்க, சமூக, பண்பாட்டு, அரசியற் கொள்கைகளுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ இணங்கி நடவாமையைக் கொண்டு அவருக்கு மனநோய் உண்டெனத் தீர்மானித்தல் கூடாது என்கிறது. மான்டினோ ஊரில் அத்தகைய விதியொன்று இருந்திருக்குமாயின் பாக்கார்டு அம்மையார் மூன்றாண்டு சிறை நீங்கியிருப்பார். மருத்துவ உளநூலார் 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவெண்ணைக் கேட்டறிதல் நாடிச் செல்வோரின் உரிமை. யாரிடம் செல்வதென்றே தெரியாதவர்க்கு 2022-ம் ஆண்டு அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவி உண்டு. அதன் எண் 14416, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.